வெள்ளம் வடிந்த வீட்டுக்குத் திரும்பும் முன்

2025 அக்டோபரில் முல்லைப் பெரியாறு பெருக்கெடுத்தபோது, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் மட்டுமன்றித் தாழ்வான பகுதிகளிலுள்ள வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. தரையில் தேங்கிய நீர் ஓரிரு நாள்களில் வடிந்துவிடும். சுவரில் ஏறிய ஓதம் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. மூச்சுத்திணறலுக்கு எங்களிடம் சிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பியவர்களுள் சிலர், மழைக்காலத்தில் சில நாள்களிலேயே அதே தொல்லையுடன் மீண்டும் வருகின்றனர். மருந்தைத் தவறாமல் எடுத்திருப்பர். விசாரித்தால், அவர்கள் படுக்கும் அறையின் சுவரில் கரும்பூசணம் படர்ந்திருப்பது தெரியவரும். ஆகவே, வீட்டை உலர்த்துவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

ஓதம் நோயாவது எவ்வாறு?

நனைந்த சுவர், மரம், துணி ஆகியவற்றில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சை வளரத் தொடங்கலாம். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் கலந்து நுரையீரலை அடைகின்றன. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை உடையோருக்கு அவை மூச்சுத்திணறலைத் தூண்டும். புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்போர் ஆகியோருக்கு நுரையீரலிலேயே பூஞ்சைத் தொற்று உண்டாகக்கூடும். இவர்கள் அனைவரும் வீடு முழுமையாகக் காயும்வரை உறவினர் வீட்டில் தங்குவதே நன்று. குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

சுத்தம் செய்யும் முறை

1. மெயின் சுவிட்சை அணைத்த பின்னரே உள்ளே செல்லவும். நீரில் நின்றுதான் அதைத் தொட வேண்டுமெனில் தொடாமல் மின்வாரியத்திற்குத் தெரிவிக்கவும். மூலைகளிலும் பொருள்களுக்கு அடியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம். கோலால் தட்டிப் பார்க்கவும்.

2. உடல்நலமுள்ளவரே இப்பணியைச் செய்ய வேண்டும். கையுறை, முகக்கவசம், ரப்பர் காலணி ஆகியவை தேவை. காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் சேற்றில் இறங்கவே கூடாது.

3. கதவு, சன்னல்களைத் திறந்து, நனைந்தவற்றை வெளியேற்றவும். நம் பகுதியின் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வெள்ளநீரில் ஊறிவிட்டால் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் தங்கும், மனமில்லாவிடினும் அகற்றிவிடுங்கள்.

4. சேற்றை முதலில் சோப்பு நீரால் கழுவி, அதன்பின் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைக்கவும். அத்துடன் கழிவறை ஆசிடைக் கலந்தால் நச்சுவாயு உண்டாகும்.

5. அறையை மூடிக்கொண்டு கரிக்கனல் மூட்டிக் காயவைப்பது உயிருக்கே ஆபத்து. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்குமேயன்றி ஓதத்தைப் போக்காது. மூச்சுத்திணறல் உள்ளவரை அது மேலும் வருத்தும்.

6. ஈரம் காயாத சுவரில் சுண்ணாம்போ பெயிண்டோ பூச வேண்டா. உள்ளிருக்கும் பூஞ்சை சில வாரங்களில் மீண்டும் வெளிப்படும்.

குடிநீரும் மருந்தும்

குடிநீரை நன்கு கொதிக்கவைத்தே பருகவும். தொட்டியைக் கழுவி நிரப்பியபின் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் வீதம் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். வெள்ளநீர் பட்ட மாத்திரைகளையும் இன்சுலினையும் பயன்படுத்த வேண்டா. அதற்காக மருந்தை நிறுத்திவிடவும் வேண்டா. பழைய மருந்துச்சீட்டு நனைந்து போயிருந்தாலும் வாருங்கள்; மீண்டும் எழுதித் தருவோம்.

காய்ச்சல் வந்தால்

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியபின் அங்கு எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களில் காய்ச்சல், தசைவலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றும். அதற்குள் வெள்ளத்தில் நடந்ததே மறந்துபோயிருக்கும். மருத்துவரிடம் அதைத் தவறாமல் கூறுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மருந்துகளால் குணப்படுத்தலாம். மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது; 108-ஐ அழையுங்கள். சுத்தம் செய்கையில் காயம்பட்டால், கழுவிவிட்டு டி.டி. ஊசி தேவையா என்று கேட்டறியவும்.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில், "வீட்டில் தண்ணீர் புகுந்ததா? படுக்கும் அறை காய்ந்துவிட்டதா?" என்று நாங்கள் கேட்போம். நாங்கள் கேட்க மறந்தால் நீங்களே கூறுங்கள். வீடு இன்னும் காயவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. அதை அறிந்தால்தான், நோயாளி எங்கே தங்குவது, எப்போது வீடு திரும்புவது என்பதை உங்களுடன் சேர்ந்து நாங்கள் முடிவுசெய்ய இயலும்.