குண்டடத்துக் காற்றில் டிரையத்லான் பயிற்சி

ஞாயிறு லீவில் டிரையத்லானுக்குத் தயாராகும் பனியன் கம்பெனி நண்பர்களுக்கு: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குண்டடத்தில் ஆளையே சாய்க்கும். அதனால் முதலில் பல்லடம் பக்கமாக எதிர்காற்றில் சைக்கிள் மிதியுங்கள். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். தாராபுரம் பக்கம் கிளம்பினால் கதை தலைகீழ்.

டிரையத்லானின் ஸ்பிரிண்ட் பிரிவில் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். சைக்கிளை விட்டு இறங்கியதும் தொடை கனத்து, கால் சொன்ன பேச்சு கேட்காது. பயிற்சியிலும் இறங்கிய கையோடு 10 நிமிடம் ஓடிப் பழகுங்கள். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கும் அந்த 750 மீட்டருக்கு நீச்சல் குளம்தான் தோது; வாய்க்கால் வேண்டவே வேண்டாம். போட்டியன்று ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளை எடுங்கள், இல்லையேல் தண்டனை உண்டு.