திரும்பி வரும் மனச்சோர்வு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மனச்சோர்வு நோய் பலருக்கு ஒரு தடவையோடு முடிவதில்லை. முதல்முறை வந்து குணமானவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அது மறுபடி வருகிறது. இரண்டு முறை வந்தவர்களுக்கு மூன்றாவது முறை வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகவே, "திரும்ப வந்துவிட்டதே, அப்போது பார்த்த வைத்தியம் வீண்" என்று வீட்டார் மனம் உடைய வேண்டியதில்லை. ஆஸ்துமாவைப் போல விட்டுவிட்டு வருவது இந்நோயின் இயல்பு.

திண்டுக்கல் வட்டாரத்தில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள், அல்லது காத்து கருப்பு என்பார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு ஷிப்டு தவறாமல் போய்வந்தவர் இரண்டு வாரமாகப் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தால் அது சோம்பல் அல்ல. இரவு ஷிப்டில் கெடும் தூக்கமே சிலருக்கு நோயைத் திரும்பக் கொண்டுவரும். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் கெடுதல் இல்லை. அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசே 'தவா-துவா' திட்டத்தைக் கொண்டுவந்தது.

எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்வது மாத்திரை பற்றிய பயம். "தூக்க மாத்திரை, பழகினால் விடாது" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப் பழக்கத்தையும் உண்டாக்குவதில்லை. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மனம் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். அதைத்தான் "பழகிவிட்டது" என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

நோய் சொல்லாமல் கொள்ளாமல் வருவதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் முன்னடையாளம் உண்டு: விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சோற்றில் விருப்பமின்மை, போனை எடுக்காமை. நன்றாக இருக்கும்போதே இவற்றை எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது. இடையிடையே அளவு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் வந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம், சிகிச்சையும் மாறும்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா எனக் கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். முளைக்காது, பரிவோடு கேட்டால் பாரம்தான் குறையும். விவசாய வீடுகளில் பூச்சிமருந்தைக் கைக்கு எட்டாமல் பூட்டிவைப்பது உயிரைக் காக்கும். 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை தருகிறது.