நெசவாளர் என்னும் பெயர்

இணையத்தின் வாயிலாகச் சேலை விற்போர் பலர் தம்மை "நெசவாளர்" என்றே எழுதிக்கொள்கின்றனர். தறியில் அமர்ந்து நெய்பவரும் அப்படி எழுதுகிறார். நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் மாஸ்டர் வீவரும், நெய்த சேலையை வாங்கி விற்கும் வியாபாரியும் அப்படியே எழுதுகின்றனர். மாஸ்டர் வீவர் என்றால் நெசவில் வல்லவர் என வெளியூரார் பொருள் கொள்வர். உண்மைப் பொருளை நம் அங்கத்தினர் அறிவர்.

நெய்த கைக்கே பணம் சேரும் என நம்பி, வாங்குவோர் பேரம் பேசாமல் விலை கொடுக்கின்றனர். நெய்தவருக்கோ முன்பு பேசிய கூலிதான்.

2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்தது என்பதற்கே சான்று. விற்பவர் நெசவாளர் என்பதற்கு அன்று. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நெய்பவர் 26.73 லட்சம் என்றும், பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல் முதலிய துணைத் தொழில் செய்வோர் 8.48 லட்சம் என்றும் பிரித்தே எண்ணியது.

வியாபாரமும் இழிதொழில் அன்று. முதல் போட்டு, விற்காத சரக்கின் நஷ்டத்தை ஏற்பவர் வியாபாரியே. அவர் "நெய்தவர் இன்னார், விற்பவர் யான்" என இரு வரி எழுதினால், அடுத்த சேலைக்கு எவரிடம் சொல்ல வேண்டும் என்பது வாங்குவோர்க்குத் தெரிந்துவிடும். அவ்வரிகளை அவர் எழுதத் தயங்குவதும் அதனாலேயே.