எஃப்.ஐ.ஆரில் பிழையா? செய்ய வேண்டியவை

விபத்து, திருட்டு என்று போலீஸ் ஸ்டேஷன் படியேறும் நாளில் யாருக்கும் மனம் நிதானத்தில் இருப்பதில்லை. அந்த நேரத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் (எஃப்.ஐ.ஆர்.) வண்டி எண்ணின் ஓர் இலக்கம் மாறினாலும் இழப்பீட்டு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். பிழை வருவது இயல்பு. அதைக் கண்டதும் சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து.

1. வாய்மொழியாகப் புகார் சொன்னால், எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து புரியவில்லை என்றால் தயங்காமல் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

2. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. கிடைக்காவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பாருங்கள். பாலியல் குற்றம் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். அங்கே இருக்காது. உங்கள் கையில் இருப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் என்றால், வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று பொருள்.

3. நகல் கைக்கு வந்த அன்றே, நீங்கள் கொடுத்த புகாரின் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது ஆகியவை ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். சம்பவம் நடந்த நேரமும் புகார் கொடுத்த நேரமும் தனித்தனிக் கட்டங்கள். இரண்டும் இடம் மாறுவது உண்டு. சாலையின் பெயர், எந்தத் திசையில் போனீர்கள், வண்டியை ஓட்டியது யார், பின்னால் இருந்தது யார், களவு போன நகையின் எடை, செல்போனின் ஐ.எம்.இ.ஐ. எண் என எல்லாவற்றையும் விரல் வைத்துப் பாருங்கள். வண்டி எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு சரிபாருங்கள்.

4. பதிவான எஃப்.ஐ.ஆரை அடித்துத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். அது நீதிமன்றத்துக்குப் போய்விடும் ஆவணம். ஸ்டேஷனில் யாரும் அதில் கை வைக்கக் கூடாது. திருத்தம் என்பது அதோடு சேரும் இன்னொரு தாள்தான்.

5. அந்தத் தாளை விசாரணை அதிகாரிக்கு மனுவாக எழுதுங்கள். குற்ற எண், தேதி போட்டு, “மேற்படி அறிக்கையில் வாகன எண் இவ்வாறு தவறாகப் பதிவாகியுள்ளது, சரியான எண் இது, ஆதாரமாக ஆர்.சி. நகல் இணைத்துள்ளேன், என்னிடம் கூடுதல் வாக்குமூலம் பெற்று வழக்குக் கோப்பில் சேர்க்க வேண்டுகிறேன்” என்ற அளவில் முடியுங்கள். நடந்த கதையை முழுதாகத் திரும்ப எழுதினால் புது முரண்பாடு முளைக்கும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

6. விசாரணையின்போது போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடத் தேவையில்லை. கேட்டால் பணிவாக மறுக்கலாம்.

7. விபத்து என்றால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் பாருங்கள். அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பதற்றத்தில் “ஏதோ வண்டி இடித்தது”, “தானாக விழுந்தார்” என்று சொல்லியிருப்பார். டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். எஃப்.ஐ.ஆரில் வேறு மாதிரி இருந்தால் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். கூட்டி வந்தவரையும் விசாரிக்கச் சொல்லி மனுவில் ஒரு வரி சேருங்கள்.

8. சட்டப்பிரிவு குறைவாகப் போட்டிருந்தாலோ, காயம்பட்டவர் பிறகு இறந்துவிட்டாலோ, போலீஸ் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அது போய்விட்டதா என்று கேட்டு, அதன் நகலையும் பெறுங்கள்.

9. ஸ்டேஷனில் மனுவையே வாங்க மறுத்தால், மாநகரில் காவல் ஆணையருக்கும் மற்ற இடங்களில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது.

10. தாமதிக்காதீர்கள். எஃப்.ஐ.ஆரில் எல்லா விவரமும் இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மாதங்கள் கழித்து வரும் திருத்தத்தை, ஜோடித்தது என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். திருத்தும் சாக்கில் நடக்காததைச் சேர்ப்பதும் வேண்டாம். பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம்.

11. வக்கீல் வைக்க வசதியில்லையே என்று ஒதுங்காதீர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.