தீயில் ஏறும் சுருதி

தென்காசி

அன்புள்ள தம்பி,

சிங்கப்பூரிலிருந்து வந்த உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சீன இசைக்குழுவின் பெருமுரசு அதிர்ந்தபோது நெஞ்சுக்கூடே நடுங்கியது என்று எழுதியிருந்தாய், மகிழ்ந்தேன். அடுத்த வரிதான் உறுத்துகிறது. “நம்ம ஊர்க் கோயில் கொடையில் கொட்டுகிற மகுடத்தில் இந்த ஒழுங்கு கிடையாது, வெறும் அடிதானே சார்?”

இலஞ்சிப் பக்கம் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது?

கணியான் கூத்தில் மகுடம் என்ற தோற்கருவி இரண்டு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். குச்சி கிடையாது, கைதான். கூத்துக்கு முன் கோயில் ஓரத்தில் ஓலையைக் கொளுத்தி இரண்டையும் தீயில் காட்டுவார்கள். சூடேற ஏறத் தோல் இறுகும், சுருதி ஏறும். உச்சத்துக்குச் சூடு கூடுதல், மந்தத்துக்குக் குறைவு. அளந்து சொல்லக் கருவி ஏது? எடுத்து ஒரு தட்டு. காது ஒப்பாவிட்டால் மறுபடியும் தீ. போன ஆடியில் குற்றாலத்துச் சாரல் எங்கள் பக்கமும் தூறிக்கொண்டே இருந்தது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துபோனது. பாட்டை நடத்தும் அண்ணாவி சுடலைமாடன் கதையைப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மகுடத்தோடு தீக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை மற்றவர் ஒற்றை மகுடத்தில் பாட்டைத் தாங்கினார். பாட்டு ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இதற்குப் பெயர் ஒழுங்கு இல்லையென்றால் வேறு எதற்கு?

நீ கேட்ட முரசில் தோலைச் சுற்றிலும் ஆணியடித்து முடுக்கியிருப்பார்கள். நடுக் கச்சேரியில் சுருதியை ஏற்ற முடியாது. அதனால் அடிக்கிற இடத்தை மாற்றுகிறார்கள்: நடுவில் கனத்த ஒலி, விளிம்பை நெருங்க நெருங்க மெல்லிய ஒலி. அவர்கள் வழி அது, நம் வழி இது.

சீனர்களிடம் மேளத்துக்கு எழுத்துமுறை இருக்கிறது, நம்மிடம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அவர்களுடைய நாடக மேளத்தையும் முதலில் வாயால் சொல்லித்தான் படிக்கிறார்கள். லுவோ-கு-ஜிங் என்று பெயர். சேகண்டி முரசுச் சூத்திரம் என்று கொள். ‘ட்சாங்’ என்றால் சேகண்டியும் தாளமும் சேர்ந்த அடி. ‘ட்சாய்’ என்றால் தாளம் மட்டும். ‘தாய்’ என்றால் சிறு சேகண்டி. நம் தவில்காரர் வீட்டுப் பிள்ளை ‘தா தி தொம் நம்’ சொல்வதும் இதேதான். தோலில் கை வைக்கும் முன் நாக்கில் தாளம் ஏற வேண்டும். நாற்பது வருஷமாக நான் சொல்லிவரும் கட்சி இது.

இன்னொன்று. 1892-இல் உ.வே.சா. பதிப்பித்த சிலப்பதிகாரத்தை எடுத்து, அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் படி. பேரிகை, படகம், இடக்கை என்று தோற்கருவிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். அகமுழவு, புறமுழவு என்று வகையும் பிரிக்கிறார். ‘வெறும் அடி’ என்று ஒரு வகை அதில் கிடையாது. கல்லூரியில் படித்த காலத்திலேயே நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர் அரங்கில் கதவு சாத்துமுன் போய் உட்கார்ந்தாய். நம் ஊரில் கூத்து பாதி ஆன பிறகு வந்து, சாமியாட்டம் பார்த்துவிட்டு எழுந்து போனவன் நீ. நான் பார்த்திருக்கிறேன்.

வருகிற ஆடியில் லீவு போட்டுக்கொண்டு வா. ஓலை கொளுத்துவதற்கு முன்பே வந்துவிடு.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்