அப்டேட் வந்து சேராத ரவுட்டர்கள்

ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் ஓட்டை இருப்பதைவிட, அதை அடைக்கும் அப்டேட் நம் பெட்டிக்கு வந்து சேராமல் போவதுதான் பெரிய ஆபத்து. நெட்வொர்க் கருவிகளோடு பழகிப் பழகி நான் வந்தடைந்த முடிவு இது. 2014இல் செக் பாயின்ட் நிறுவனம் வெளிக்கொண்டுவந்த ‘மிஸ்ஃபார்ச்சூன் குக்கி’ பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டும் ‘ராம்பேஜர்’ என்ற சிறு மென்பொருளில் இருந்த கோளாறு அது. அதை எழுதிய அலெக்ரோ நிறுவனம் 2005இலேயே சரிசெய்துவிட்டது. அப்படியிருந்தும் 9 ஆண்டுகள் கழித்து, 189 நாடுகளில் சுமார் 1.2 கோடி கருவிகள் பழைய பதிப்போடுதான் ஓடிக்கொண்டிருந்தன. சிப் தயாரிப்பவர் தரும் மென்பொருளை ரவுட்டர் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. இணைய சேவை நிறுவனம் அதன்மேல் தன் பெயரை ஒட்டி வீட்டில் மாட்டிவிட்டுப் போகிறது. இத்தனை கை மாறும் பொருளுக்குத் திருத்தம் வந்தால், அதைக் கடைசிவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கம்பெனி வேகமாகச் செயல்பட்டாலும் பாதி வேலைதான் முடிகிறது. மைக்ரோடிக் ரவுட்டர்களை நிர்வகிக்க உதவும் ‘வின்பாக்ஸ்’ வசதியில் இருந்த ஓட்டைக்கு 2018 ஏப்ரலிலேயே அப்டேட் வந்துவிட்டது. அதைப் போடாத ரவுட்டர்கள்தான் ஆகஸ்டில், பிரேசிலில் தொடங்கி, லட்சக்கணக்கில் தாக்குதலில் சிக்கின. அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள் யாருக்காகவோ கிரிப்டோ நாணயம் தோண்டின. ‘அப்டேட் போட்டால் ஓடுகிற லைனும் நின்றுவிடும்’ என்பவர்களின் பயம் நியாயமானதே. அப்படி நடப்பதும் உண்டு. அதற்கு வழி, செட்டிங்ஸை பேக்கப் எடுத்துக்கொண்டு, வேலையில்லாத நேரத்தில் போடுவது. போடாமலே விடுவது வழியல்ல.

‘என் வீட்டு ரவுட்டரில் திருட என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்குப் பதில் 2024 ஜனவரியில் கிடைத்தது. சீன அரசின் ஆதரவு பெற்றதாகச் சொல்லப்படும் ‘வோல்ட் டைஃபூன்’ குழு, நூற்றுக்கணக்கான சிறு ரவுட்டர்களைக் கைப்பற்றி, அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு முக்கியக் கட்டமைப்புகளைக் குறிவைத்ததாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை, தயாரிப்பாளர்கள் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய சிஸ்கோ, நெட்கியர் பெட்டிகள். அந்தக் குழுவுக்கு வேண்டியிருந்தது உங்கள் கோப்புகள் அல்ல, உங்கள் இணைப்பு. ரவுட்டர்களில் அது புகுத்திய மால்வேர், ரீஸ்டார்ட் செய்தாலே அழிந்துவிடும். ஆனால் ஓட்டை அப்படியே இருப்பதால் திரும்பவும் நுழையலாம்.

ஆகவே ரவுட்டர் வாங்கும்போது வேகத்தையும் ஆன்டெனாவையும் பார்ப்பதற்கு முன், எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இந்தக் காலத்தைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்வது சட்டப்படி கட்டாயம். கையில் இருக்கும் பெட்டிக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் வந்தது என்பதைத் தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். சேவை நிறுவனம் தந்த பெட்டி பழையதாகி, மாற்றித் தரவும் மறுத்தால், அதை வெறும் மோடமாக மட்டும் இயங்கவைக்கும் ‘பிரிட்ஜ் மோடு’க்கு மாற்றச் சொல்லி, அப்டேட் வரும் சொந்த ரவுட்டர் ஒன்றை அதன் பின்னால் இணைத்துக்கொள்ளலாம்.