அக்கி ஆறியும் வலி ஆறவில்லையா?

கொப்புளம் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. ஆனால் புடவை உரசினாலே அம்மா துடித்துப்போகிறார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் வீட்டில் இருப்பவர்கள் "அதான் ஆறிடுச்சே" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் நரம்பு வேரில் அடங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாகக் கிளம்புகிறது. கிளம்பும் வழியில் நரம்பையே சிதைத்துவிடுகிறது. அக்கி கண்டு மூன்று மாதம் கழித்தும் எரிச்சலோ குத்தலோ இருந்தால் அதற்குத் தனி வைத்தியம் வேண்டும்.

கைவசம் இருக்கும் டைக்ளோஃபெனாக்கைக் கொடுக்காதீர்கள். இந்த வலி அதற்குக் கேட்காது, சிறுநீரகம்தான் கெடும். அசைக்ளோவிரும் இப்போது உதவாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டிய மருந்து அது. காவி குழைத்து அக்கி எழுதுவதாலும் நரம்பு வலி தீராது.

டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கிரியாட்டினின் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது மாத்திரை தொடங்கும் கட்டத்தில்தான். வழக்கமாகத் தருவது கபாபென்டின் அல்லது ப்ரீகாபலின். இரண்டும் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழக்கமான அளவே அதிகமாகி, தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். மூன்றாம் நாளே "இது அப்பாவுக்கு ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். பல நேரங்களில் குறை மருந்தில் இல்லை, தொடங்கிய அளவில் இருக்கிறது. இன்னும் குறைந்த அளவில், இரவு மட்டும் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மயக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். அதன்பின் அவர் சொன்னபடி படிப்படியாக ஏற்றுங்கள். அந்த வாரங்களில் கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் அக்கி வலியே தேவலை என்றாகிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் ப்ரீகாபலின், நார்ட்ரிப்டிலின், மெத்தில்கோபாலமின் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை சுலபமாகக் கிடைக்கிறது. தொடக்கத்தில் அது வேண்டாம் என்பேன். ஒன்றை மட்டும் ஏற்றவோ இறக்கவோ முடியாது, எதனால் மயக்கம் என்றும் புரியாது. நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின் வகை தேவைப்பட்டால் தனியாகவே எழுதித் தரச் சொல்லுங்கள். ப்ராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள். கபாபென்டின் சாப்பிடுபவர், வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் குடித்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

மாதக் காலண்டர் கட்டத்தில் தினமும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண் எழுதி வையுங்கள். 8 இருந்த இடத்தில் 4 வந்து, இரவு தூக்கமும் வந்தால் மருந்து வேலை செய்கிறது. பூஜ்யம் வரவில்லையே என்று கைவிடாதீர்கள். வலி தணிந்துவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் கேட்டு மெல்லக் குறைத்துத்தான் விட வேண்டும்.

மாத்திரை தாங்காத முதியவருக்கு 5 சதவீத லிடோகெயின் ஒட்டுப்பட்டை நல்ல வழி. வலிக்கும் இடத்தின் அளவுக்குக் கத்தரித்து, புண்ணில்லாத தோலில் ஒட்டுங்கள். 12 மணி நேரம் இருக்கட்டும், அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிடுங்கள். அதன்மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் களிம்பும் உண்டு. முதல் சில நாள் அதுவே எரியும். முகத்தில் அக்கி வந்தவர்களுக்கு அதைப் பூசவே பூசாதீர்கள், கண்ணில் பட்டால் பெரும் வேதனை.

உடை விஷயத்தில் தொளதொள சட்டை உதவாது. அசைந்து அசைந்து உரசும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன, உடலோடு ஒட்டிய பருத்தி பனியன்தான் சரி. மின்விசிறிக் காற்றும் நேரே படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

ஏற்ற வேண்டிய அளவுக்கு ஏற்றி ஒரு மாதம் பார்த்தும் காலண்டரில் எண் இறங்கவில்லையா? வலி மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி போன்ற வழிகள் அங்கே உண்டு. 50 வயது கடந்த மற்றவர்களுக்கு அக்கித் தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 2023 முதல் கிடைக்கும் ஷிங்ரிக்ஸை இரண்டு தவணையாக, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போடுகிறார்கள்.